மின்னலின் இடது கை

எங்கள் குழுவில் மூன்றே பேர். பாடுவது என் அக்கா, டிரம்ஸ் அடிப்பது நான், சிந்தசைசர் வாசிப்பது மின்னல். மின்னல் என்பது நாங்கள் வைத்த பெயர். இது அவளுடைய கதை. நடுநடுவே என்னைப் பற்றி நான் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வந்த வினை எல்லாம் அதனால் வந்ததுதான்.

மின்னலுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் வெளிச்சமும் அலமாரியுமாக இருக்கும் கடை. இவள் இருப்பது பின்பக்கத்து அறையில். ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் லென்ஸ் கழன்று விழும், கொஞ்சம் குறைந்தால் மாட்டும்போதே விரிசல் விடும். பதினைந்து வருடமாக அதைத்தான் செய்கிறாள். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், ஒன்பது மாதத்துக்கு ஒரு தடவை வருவார். சலவைக் கடைக்கு மேல் மாடியில் வாடகை வீடு. நம்மோடு பேசும்போது நம் கண்ணைப் பார்க்கமாட்டாள், கண்ணாடியைத்தான் பார்ப்பாள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அதை நம் மூக்கிலிருந்து கழற்றி, ஒரு திருகாணியை முறுக்கி, திரும்ப மாட்டிவிடுவாள். சொல்லவும் மாட்டாள், கேட்கவும் மாட்டாள்.

அந்த சிந்தசைசரை ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கூடவே நூற்று எண்பது பக்கத்தில் ஒரு கையேடு. மதிய இடைவேளையில், தேய்க்கும் மெஷின் நின்றிருக்கும் நேரத்தில், அதைப் பின்னறையில் வைத்துத் தட்டிப் பார்ப்பாள். ஒருநாள் கண்ணாடி வாங்கப் போன அக்கா, மூடிய கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டிருக்கிறாள். அடைமழை மாதிரி சுரங்கள், ஒன்றுகூடப் பிசகாமல். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "டேய், இருபது விரல் இருக்குற ஒரு பொண்ணைக் கண்டுபிடிச்சிட்டேன். மின்னல்டா, மின்னல்!"

கேட்டாளே தவிரப் பார்க்கவில்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மேடையில் சிந்தசைசருக்கு முன்னால் எங்கள் குழுவின் பெயர்ப் பலகை தொங்கும். அதனால் பார்வையாளர்களுக்கு அவள் கை தெரியாது. ஒத்திகையிலும் அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். நான் பின்னால் உட்கார்ந்திருப்பவன், எனக்குத் தெரிவது அவள் முதுகும் இடது முழங்கையும். அந்த இடது கை எப்போதும் பெட்டியின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குமிழின் மேலேயே இருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் என்று நினைத்திருந்தேன்.

"என்ன மின்னல், அது என்ன கேஸ் அடுப்பா? எப்பப் பார்த்தாலும் சிம்ல வெச்சுக்கிட்டே இருக்கியே?" என்று அவள் சேர்ந்த புதிதில் ஒருதரம் கிண்டல் செய்தேன்.

"ஆமாண்ணே. பொங்கிடக்கூடாதுல்ல" என்றாள்.

நான் பெரிதாகச் சிரித்தேன். எட்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்பு என் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இனி என்னைப் பற்றி. நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டுமோ அத்தனை மணிக்கு விசில் ஊதுவேன். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் ஊதுவேன். அங்கே எனக்குக் கடிகாரம் என்று பெயர். அக்கா அதையே மேடைக்கும் கொண்டு வந்துவிட்டாள். "டிரம்ஸில் எங்கள் கடிகாரம்!" என்று அவள் அறிவிக்கும்போது நான் எழுந்து நின்று கும்பிடுவேன். உட்கார மனசே வராது.

அன்றைக்கு ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மதிய நேரம், சின்ன மேடை. இடம் போதவில்லை என்று பெயர்ப் பலகையை வேனிலேயே விட்டுவிட்டோம். நாலாவது பாட்டின் கடைசிச் சரணம். அக்கா உச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், நான் குஷியாக அடித்துக்கொண்டிருக்கிறேன். ஏதோ டக்கென்று கீழே விழுந்த சத்தம். மின்னல் சட்டென்று குனிந்து தரையில் துழாவ ஆரம்பித்தாள். இரண்டு கையும் தரையில்.

இசை நிற்கவில்லை. அதே அடைமழை, அதே சுரங்கள், கட்டைகளின் மேல் ஒரு விரல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று கை நீட்டினார். "அங்க பாருங்க, கையே வைக்காம வாசிக்குது!" அரங்கம் முழுக்கச் சிரிப்பு. போதாக்குறைக்கு என் அடியும் அந்தச் சுரங்களும் தனித்தனியாகப் பிரிந்து, ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாக இழுத்துக்கொண்டு போயின. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மின்னல் எழுந்து பெட்டியை அணைத்தாள். என் அடியை மட்டும் வைத்துக்கொண்டு அக்கா எப்படியோ பாட்டை முடித்தாள்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நான் கத்திய கத்தலில் கம்பெனி ஆட்கள் கதவருகே கூடிவிட்டார்கள். "என்னது அது? கை எடுத்த பிறகும் எப்படி ஓடுச்சு?"

மின்னல் அமைதியாகச் சொன்னாள். அந்தப் பெட்டியில் ஆர்பெஜியேட்டர் என்று ஒரு வசதி உண்டு. மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் அந்த மூன்று சுரங்களையும் அதுவே பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக, வைத்த வேகத்தில் வாசிக்கும். ஏறு என்றால் ஏறும், இறங்கு என்றால் இறங்கும். பிடித்து வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால், கையை எடுத்தாலும் அடுத்த கட்டைகளைத் தொடும் வரை விடாது.

"அப்போ நீ வாசிக்கவே இல்ல?"

"எனக்கு வாசிக்கத் தெரியும்னு நான் சொல்லலையேண்ணே. பொத்தான் மேலயே எழுதியிருக்கு."

"எட்டு வருஷம்! மூணு விரலை வெச்சு அழுத்திட்டு மின்னல்னு பேர் வாங்கியிருக்க. நான் வேர்க்க விறுவிறுக்க அடிக்கிறேன், நீ மெஷினை ஓட விட்டுட்டு நின்னிருக்க. உனக்கு வெக்கமா இல்ல?"

கதவருகே யாரோ மறுபடி சிரித்தார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவள் கண் தரையிலேயே இருந்தது. "அண்ணே, ஒரு சின்ன சாமான் விழுந்துடுச்சு. உங்க டிரம் பக்கம் உருண்டிருக்கும். கொஞ்சம் பாக்குறீங்களா?"

"உன் சாமானைத் தேடத்தான் நான் பொறந்திருக்கேனா? நாளையிலருந்து நீ வரவே வேணாம், போ!"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மின்னல் ஒயரைச் சுருட்டி, பெட்டியை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எங்கள் வேனில் இடம் இருந்தது. ஏறிக்கொள் என்று நான் சொல்லவில்லை.

இது நடந்தது சரியாக மூன்று வாரம் முன்னால். எதற்கு முன்னால் என்றால், ஒரு ஓட்டல் எங்களை வாசித்துக் காட்டச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். பிடித்துப்போனால் வருடம் முழுக்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியம் அவர்கள் கூடத்தில் நாங்கள்தான். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. ஊர் ஊராக வேன் ஏறி இறங்கியது போதும், ஒரே மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இந்த ஓட்டலை விட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாகவே சொல்லியிருந்தாள்.

அதனால் அவசரமாக ஒரு ஆளைப் பிடித்தேன். இசைப் பள்ளியில் பியானோ சொல்லித் தருபவர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். நிஜமான பத்து விரல். ஒத்திகைக்காக அக்கா வீட்டில் டிரம் விரிப்பை உதறியபோது மூடி மாதிரி கறுப்பாக ஏதோ உருண்டு விழுந்தது. குச்சிப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் பாட்டின் பாதியில் மாஸ்டர் கையை எடுத்துவிட்டார். "சார், கொஞ்சம் ஓடுறீங்க."

"யாரு, நானா?"

"ஆமா சார். வேகம் ஏறிக்கிட்டே போகுது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் பேர் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

மாஸ்டர் பாவம், மரியாதையான மனிதர். பேசாமல் தன் போனை எடுத்து டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தார். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிக் காட்டும் செயலி அது. நூற்றெட்டில் ஆரம்பித்தேன். பாட்டு முடியும்போது நூற்றிருபத்தொன்று.

"போன் சரியில்லை" என்றேன். அக்காவின் போனில் போட்டோம். நூற்றிருபத்திரண்டு.

"இன்னைக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிவு செய்து வைப்பது அவள் வழக்கம். பழைய பதிவு ஒன்றைப் போட்டாள். நூற்றெட்டு, நூற்றுப் பதின்மூன்று, நூற்றிருபது. இன்னொன்று. அதேதான். ஐந்து வருடத்துக்கு முந்தையது. அதேதான். அக்கா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"கடைசி சரணத்துல மூச்சு வாங்குதே, வயசாயிடுச்சுன்னு நினைச்சேனேடா! டாக்டர்கிட்ட போய் நெஞ்சைக்கூட காட்டிட்டு வந்தேன். எல்லாம் நீயாடா?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அன்றைக்கு என் முதுகை என் கண் முன்னால் விரித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் அதைவிடப் பெரிய அடி இனிமேல்தான் விழ வேண்டியிருந்தது. மாஸ்டர் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதே இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த கீபோர்டு யார் வாசிச்சது?"

"யாரும் வாசிக்கல. மெஷின். ஆர்பெஜியேட்டர்."

"மெஷினுக்கு இப்படி ஏறத் தெரியாது சார். நூத்தியெட்டுல வெச்சா நாள் முழுக்க நூத்தியெட்டுதான் ஓடும். இது உங்ககூடவே ஏறுது. நீங்க ஏறுற இடத்துல ஏறி, நிதானிக்கிற இடத்துல நிதானிக்குது. யாரோ வேகக் குமிழைத் திருப்பிக்கிட்டே இருந்திருக்காங்க, உங்க ஒவ்வொரு அடியையும் காதுல வாங்கிக்கிட்டு." போனைக் கீழே வைத்தார். "இது என்னால ஆகாது சார். நீங்க நடத்துங்க, நான் வரல."

என் கை தானாகக் குச்சிப் பைக்குள் போனது. அந்தக் கறுப்பு மூடியை வெளியே எடுத்தேன். மூடி அல்ல, குமிழ். மேலே ஒரு வெள்ளைக் கோடு இருந்ததற்கு அடையாளம் மட்டும் மிச்சம். ஒரு பக்கம் கட்டைவிரல் அளவுக்கு வழவழவென்று தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அன்று மேடையில் டக்கென்று விழுந்தது இதுதான். நான் ஓடிய ஓட்டத்துக்கு எட்டு வருடம் திருப்பித் திருப்பித் தேய்ந்து, அவள் கையோடு கழன்று வந்திருக்கிறது. இதைத் தேடித்தான் குனிந்தாள். இதைத் தேடித் தரச் சொல்லித்தான் என்னிடம் கேட்டாள். நானோ ஊர் சிரிக்க அவளை வெளியே அனுப்பினேன்.

மறுநாள் டிப்போவில் விடுப்பு சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மின்னல் முன்பக்கத்துக்கு வந்து ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போகும் வரை நின்றேன். பிறகு குமிழைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தேன்.

"இதைத்தான் தேடினேன்" என்றாள். "எங்க கிடைச்சது?"

"என் டிரம் விரிப்புல." "எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"முதல் ஒத்திகையில, ரெண்டாவது பாட்டுலயே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

அவள் கை நீட்டி என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இழுப்பறையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிரில் இருப்பவர் முகமே கலங்கலாகத்தான் தெரியும். அவள் கோபமாக இருக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அக்கா 'எங்க கடிகாரம்'னு சொன்னாங்க. நீங்க சிரிச்சீங்க பாருங்க, ஒரு சிரிப்பு! அதைப் பாத்துட்டு எப்படிண்ணே சொல்றது? சரி, நாமே பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." திருகாணியை முறுக்கிக்கொண்டே கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க குறையை எட்டு வருஷம் நான் யார்கிட்டயும் சொல்லலை. என் குறையை நீங்க எட்டு நிமிஷம்கூட வெச்சுக்கலையேண்ணே. அத்தனை பேர் முன்னாடி."

தப்பு என்னுடையது என்றேன். மன்னித்துவிடு என்றேன். கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டாள். "வரேன். அக்காவுக்காக. ஆனா இனிமே நான் திருப்பமாட்டேன். நூத்தியெட்டுன்னா நூத்தியெட்டு. நீங்க கேட்டு வாசிங்க. அந்தக் குமிழ் உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் கூடத்தில் முதல் வேலையாக, பெயர்ப் பலகையை மாட்ட வேண்டாம் என்றேன். அக்கா மைக்கில் கடிகாரம் என்று சொல்லவில்லை, நான்தான் சொல்லாதே என்றிருந்தேன். ஓட்டல் மேனேஜர் முன்னால் கால் மேல் கால் போட்டு, டீ கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டில் நான் அவள் வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்டேன். எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கேட்கக் கேட்க எனக்குத் திக்கென்றது. மூன்று கட்டை பிடித்தால் சுரங்கள் மூன்று மூன்றாகச் சுற்றி வருகின்றன, என் அடியோ நான்கு நான்காகப் போகிறது. இரண்டும் விலகி விலகிப் போய்ப் பன்னிரண்டாவது எண்ணிக்கையில் வந்து சேர்கின்றன. அக்கா அழுத்திப் பாட வேண்டிய சொல் சரியாக அங்கே வந்து விழுகிறது. அடுத்த வரியில் நாலாவது விரலையும் வைக்கிறாள், எல்லாம் நேராகிவிடுகிறது. அக்கா மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு விரலை எடுக்கிறாள், மழை சன்னமாகிவிடுகிறது. சுரங்களைப் பிரிப்பது மெஷின்தான். ஆனால் எந்த விரலை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் அவள். இதையா வாசிக்கவே இல்லை என்று கத்தினேன்?

முதல் பாட்டில் நூற்றெட்டை விட்டு நான் நகரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் அக்கா உச்சிக்குப் போனாள். எனக்குப் பழைய குஷி வந்துவிட்டது. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. தெரிகிறது, ஓடுகிறேன் என்று தெரிகிறது. நிறுத்தப் பார்க்கிறேன், முடியவில்லை. சுரங்கள் பின்தங்கி இழுக்க ஆரம்பித்தன. அக்கா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது மின்னலின் இடது முழங்கை அசைந்தது. குமிழ் இருந்த இடத்தில் இப்போது ஊசி மாதிரி, பல் வெட்டிய ஒரு இரும்புத் தண்டு மட்டும்தான். அதை இரண்டு விரல் நுனியால் பற்றி, தோளை இறுக்கிக்கொண்டு திருப்பினாள். சுரங்கள் ஓடி வந்து என் அடியோடு சேர்ந்துகொண்டன. அக்காவின் குரல் மேலே போய் நின்றது. மின்னல் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து வந்துவிடுங்கள் என்றார் மேனேஜர். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் மின்னலின் இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அந்தத் தண்டின் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. குமிழ் என் சட்டைப் பையிலேயே இருந்தது.